காவலில் அடிபட்டவருக்காகப் புகார் கொண்டுபோவது எப்படி? சென்னையில் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காவல் நிலையத்தில் ஒருவரை அடித்துவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் எதை முதலில் செய்வது, யாரிடம் போவது என்று ஜூனியர் வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சேர்ந்த தன்னார்வலர்களும் கேட்கிறார்கள். புதிதாகப் பணிக்கு வந்த உதவி அரசு வழக்கறிஞர்கள் சிலரும் கேட்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. மூன்று தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்குகளின் தலையெழுத்து பெரும்பாலும் ரிமாண்ட், அதாவது கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் காவலில் வைக்க ஆணை வாங்குவது, நடக்கிற அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. அன்றைக்கு எழுத்தில் ஏறாத காயத்தை இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் நின்று சொன்னால், "மாஜிஸ்திரேட்டிடம் ஏன் சொல்லவில்லை?" என்ற ஒரே குறுக்குக் கேள்வியில் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். அதனால் கீழே வரும் எல்லாமே, காயத்தை எவ்வளவு சீக்கிரம், எத்தனை இடத்தில், யார் கையால் எழுத வைப்பது என்பதைச் சுற்றியே வரும்.

நம் நாட்டில் சித்திரவதை என்ற பெயரில் தனிக் குற்றம் கிடையாது. ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997ல் கையெழுத்துப் போட்டது; இன்றுவரை அதை உறுதிசெய்து ஏற்கவில்லை. 2010ல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேங்கிக் காலாவதியானது. 2017ல் சட்ட ஆணையம் தன் 273வது அறிக்கையில் தனிச் சட்டம் வேண்டும் என்று சொல்லிவிட்டது, சட்டம் வரவில்லை. ஆகவே கையில் இருப்பதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். முக்கியமானது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். 120வது பிரிவு. வாக்குமூலமோ தகவலோ வாங்குவதற்காகக் காயம் ஏற்படுத்தினால் 7 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை சிறை. இந்த எண்ணை மறக்காதீர்கள். பின்னால் இதற்குத் திரும்ப வேலை இருக்கிறது.

"தூக்கிட்டாங்க" என்று போன் வந்ததும்

வீட்டாருக்குப் பெரும்பாலும் எந்த ஸ்டேஷன் என்றே தெரியாது. மஃப்டியில் வந்திருப்பார்கள். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்று சொல்லியிருப்பார்கள். பதறிக்கொண்டிருக்கும் அந்தக் குடும்பத்திடம் பொறுமையாகக் கேட்டு நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் பார்த்தார்கள், வண்டி நம்பர் என்ன. அந்தத் தெருவில் கடை வாசல் கேமரா இருந்தால் அன்றே போய்ப் பதிவை வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் போனால் அழிந்துவிடும்.

அடுத்தது, நேரம் பதிவாகிற மாதிரி தகவல் அனுப்புவது. அந்தக் காலத்தில் சீனியர்கள் "உடனே தந்தி அடி" என்பார்கள். தந்தி கொடுத்த நேரம் அழியாத சாட்சியாக நின்றது. தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. அந்தத் தேவை நிற்கவில்லை. இப்போது குடும்பத்தில் ஒருவரை 100 அல்லது 112க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு பதிவாகும். கையோடு காவல் ஆணையருக்கு ஒரு மின்னஞ்சல். 2022லிருந்து சென்னைக்கு வேப்பேரியில் ஓர் ஆணையர், ஆவடிக்கு ஒருவர், தாம்பரத்துக்கு ஒருவர் என்று பிரிந்திருக்கிறது. ஆள் எந்த எல்லையில் என்று தெரியாவிட்டால் மூவருக்கும் அனுப்புங்கள். மின்னஞ்சல் நீளமாக வேண்டாம். இன்னாரை இத்தனை மணிக்கு இங்கிருந்து அழைத்துப் போனார்கள், அப்போது உடம்பில் எந்தக் காயமும் இல்லை, எந்த வழக்கு என்று தெரிவியுங்கள், வழக்கறிஞரைப் பார்க்க விடுங்கள். அவ்வளவு போதும். "காயம் இல்லை" என்ற அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள். கைதானவர் தன் விருப்பப்படி வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்று புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 38 சொல்கிறது. விசாரணை முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது, ஆனால் பார்க்கலாம். கைது மெமோவில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்கிறது பிரிவு 36. இதற்கெல்லாம் வேர் 1996ல் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் கொடுத்த கட்டளைகள். வாசலில் குரல் உயர்த்த வேண்டாம். உயர்த்தினால் அரசு ஊழியரைத் தடுத்ததாக உங்கள் மேலேயே வழக்குப் பாயும், உள்ளே இருப்பவருக்கும் இன்னும் இரண்டு அடி விழும். எழுத்து மூலம் மனு கொடுத்து ரசீது கேளுங்கள். தராவிட்டால் அந்த மனுவைப் படம் எடுத்து அங்கேயே நின்று ஆணையருக்கு அனுப்புங்கள்.

24 மணி நேரக் கணக்கு, ஆளைப் பிடித்த நிமிடத்தில் தொடங்குகிறது. மெமோவில் எழுதிய நேரத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் முறைப்படி கைது என்று எதுவும் பதிவாகாமலே தனிப்படை போலீசாரிடம் அடிபட்டு இறந்தார். "விசாரணைக்கு அழைத்தோம்" என்ற அந்த இடைவெளிதான் மிக ஆபத்தான நேரம். பகல் முழுக்கத் தகவல் இல்லையென்றால் ஹைகோர்ட்டில் லஞ்ச் மோஷன், அதாவது அன்றே மதிய இடைவேளைக்குப் பிறகு அவசரமாக எடுக்கச் சொல்லி, கேட்டு ஆட்கொணர்வு மனுவை நகர்த்துங்கள். மனுவுக்கு எண் கிடைத்ததும் சில இடங்களில் ஆள் தானாகவே வெளியே வந்துவிடுகிறார்.

ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்)

கைதானவரை உடனே மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும், நகலைக் கைதானவரிடமோ அவர் சொல்பவரிடமோ தர வேண்டும் என்று பிரிவு 53 சொல்கிறது. நடப்பது வேறு. இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் முன்னால் நான்கு காவலர்கள் சூழ ஒருவர் நிற்கிறார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார் டாக்டர்" என்று கூட வந்த காவலர் சொல்கிறார். விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறுகிறது. கையில் மாவுக்கட்டோடு எடுத்த படம் மறுநாள் செய்தியில் வருகிறது, பார்ப்பவர்களும் சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதில் மிகவும் வலிப்பது அந்தச் சிரிப்புதான்.

மருத்துவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய உதவி எளிது. காயம் எப்படி வந்தது என்பதை நோயாளியின் வாயால் கேட்டு, அவர் சொன்னதாகவே எழுதச் சொல்லுங்கள். கேட்கும்போது காவலர்கள் காது கேட்காத தூரத்தில் நிற்க வேண்டும். சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்த இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது, 1999ல் வந்து 2022ல் திருத்தப்பட்டது. அதில் ஒவ்வொரு காயத்துக்கும் ஐந்து படிகளில் கருத்துச் சொல்லலாம்: சொன்ன காரணத்தோடு பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அந்த வகை அடிக்கே உரியது, வேறெதனாலும் வர வாய்ப்பில்லை. நம் ஊர் மருத்துவர் "சாதாரணக் காயம்" என்று ஒரு வார்த்தையில் முடிப்பதற்கும் இதற்கும் வழக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கேட்டால் எழுதித் தர மனமுள்ள மருத்துவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டும்.

லாடம் கட்டுவது, அதாவது உள்ளங்காலில் அடிப்பது, வெளியே பெரிதாகத் தெரியாது. சில நாட்களில் கன்றலும் மறைந்துவிடும். அதனால் கால் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், நடக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் வைத்த இடம் கடுகளவுதான் இருக்கும். கன்றலின் நிறம் நாளாக ஆக மாறும் என்பதால் ஒரே காயத்தை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் படம் எடுப்பது நல்லது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். எடுத்த போனைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால் பிறகு மின்னணுச் சாட்சிக்கான சான்றிதழ் கொடுக்கும்போது சிக்கல்.

கைது காட்டாமல் அடித்து வெளியே விட்டுவிட்டார்கள் என்றால் வீட்டுக்குப் போகாமல் நேராக ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை இவற்றில் பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள். தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு மூன்று நாள் கழித்து வந்தால் கதை பலவீனமாகிவிடும். விபத்துப் பதிவேட்டில் பதிந்து, ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

ரிமாண்ட்

முதல் முறை ஆளை நேரில்தான் கொண்டுவர வேண்டும். வீடியோவில் காட்டிவிட்டுக் காவல் வாங்க முடியாது. பிரிவு 187 இதில் தெளிவாக இருக்கிறது. விடுமுறை நாளிலும் இரவிலும் நீதிபதியின் வீட்டில் நடக்கும். நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ரிமாண்ட் எங்கே என்று போலீஸ் சொல்ல மாட்டார்கள். அந்த ஸ்டேஷனுக்கு எந்த நீதிமன்றம், அன்று எந்த மாஜிஸ்திரேட் பொறுப்பு என்று நீங்களே விசாரித்து வைத்திருங்கள்.

காவலில் சித்திரவதை நடந்ததா, புகார் உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டே ஆக வேண்டும், மருத்துவப் பரிசோதனை கேட்க உரிமை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 1983லேயே உச்ச நீதிமன்றம் ஷீலா பர்சே வழக்கில் சொல்லிவிட்டது. கேள்வி கேட்கப்படத்தான் செய்கிறது. "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்கும்போது, அடித்தவரோ அவருடைய கூட்டாளியோ தோளை ஒட்டி நிற்கிறார். "இல்லைங்க ஐயா" என்று பதில் வருகிறது. அடுத்த கேஸ். இதை மாற்ற நீங்கள் செய்யக்கூடியது: "காவலர்கள் வெளியே நிற்கட்டும், இவரோடு தனியாகப் பேசிப் பாருங்கள்" என்று பணிவாக, ஆனால் விடாமல் கேட்பது. சட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்வது. உட்கார முடியவில்லை, நடக்க முடியவில்லை என்பதை நீதிபதியின் கண்ணில் படும்படி செய்வது.

வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே தயாராக ஒரு மனு வைத்திருங்கள். எந்தெந்த இடத்தில் காயம் என்று நீதிபதி தன் ஆணையில் பதிய வேண்டும்; மருத்துவர் குழுவிடம் அனுப்ப வேண்டும்; இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை ஸ்டேஷன் கேமரா பதிவைப் பாதுகாக்க வேண்டும்; திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. வாங்க மறுத்தால் தபாலில் அனுப்புங்கள், அன்றைய தேதி முத்திரையோடு.

இன்னொரு விஷயம் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. பழைய சட்டத்தில் போலீஸ் காவல் முதல் 15 நாளோடு முடிந்தது. இப்போது அந்த 15 நாளைத் துண்டு துண்டாக, வழக்கைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சிறைக்குப் போய்விட்டார், இனிப் பயமில்லை என்று நினைக்க முடியாது. ஒவ்வொரு முறை போலீஸ் காவலுக்குப் போகும் முன்பும், திரும்பி வந்த உடனும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். புழல் சிறைக்குள் நுழையும்போது சிறை மருத்துவர் காயங்களைக் குறிக்கிறார். அந்தக் குறிப்பின் நகலுக்கு மனுப் போடுங்கள். ஸ்டேஷன் மருத்துவச் சான்றில் "காயம் இல்லை" என்றும், சில மணி நேரத்தில் சிறைப் பதிவேட்டில் ஒன்பது காயம் என்றும் இருந்தால் உங்கள் வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் ரிமாண்டாகி, கோவில்பட்டி கிளைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குப் போய் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்து, ஒரு மாஜிஸ்திரேட்டை ஸ்டேஷனுக்கே அனுப்பியது. அங்கே கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது அவர் அறிக்கையில்தான் வெளியே வந்தது. அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து அவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். ஒரு மாஜிஸ்திரேட் நேரில் போய்ப் பார்த்ததால் நடந்த மாற்றம் இது. முதல் நாளிலேயே காயங்களைப் பார்த்து எழுதியிருந்தால் அந்த இருவரும் பிழைத்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அரசு வழக்கறிஞர் நாற்காலியில் உட்காருபவர்களுக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி நம்மிடையே பேச்சே குறைவு.

ஒரு காலத்தில் போலீஸ் அதிகாரிகளே கீழ்க் கோர்ட்டுகளில் அரசுத் தரப்பில் வாதாடினார்கள். 1973 நடைமுறைச் சட்டம் அதை மாற்றியது. 1995ல் சஹானே வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவி அரசு வழக்கறிஞர்களைப் போலீஸ் துறையின் கட்டுப்பாட்டிலிருந்து முழுக்கப் பிரிக்கச் சொன்னது. இன்று பி.என்.எஸ்.எஸ். 20ன் கீழ் குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககம் தனியாக இருக்கிறது. ஆனாலும் தினமும் அதே இன்ஸ்பெக்டர், அதே கோர்ட் காவலர், அதே டீ. அந்தப் பழக்கத்தில் ரிமாண்ட் அறிக்கையை அப்படியே நீட்டிவிடுவது இயல்பாகிவிடுகிறது. உங்கள் மேல் பழி போடவில்லை. ஆனால் அந்த அறையில் அடிபட்டவரைத் தடையில்லாமல் பார்க்க முடிந்த மிகச் சிலரில் நீங்களும் ஒருவர்.

அறிக்கையைக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் ஆளைப் பாருங்கள். பிறகு நேரங்களை ஒப்பிடுங்கள். "அதிகாலை வாகனச் சோதனையில் பிடித்தோம்" என்று இருக்கும். முந்தைய நாள் மாலையே குடும்பம் 100க்கு அழைத்திருக்கும். "தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்ததில் கை முறிந்தது" என்று இருக்கும். பாலத்திலிருந்து குதித்தவருக்கு முதுகில் வரிவரியாகத் தடம் எப்படி வந்தது? கேளுங்கள். கேள்வி எழுந்தால் அதை நீதிபதியிடம் நீங்களே சொல்லலாம், மருத்துவப் பரிசோதனையை நீங்களே கோரலாம். அரசு வழக்கறிஞர்களின் பங்கு பற்றி ஐ.நா. 1990ல் வகுத்த நெறிகளில் 16வது, சித்திரவதை போன்ற முறைகேடான வழியில் பெற்ற சாட்சியம் கைக்கு வந்தால், அதைச் செய்தவர்களுக்கு எதிராகத் தவிர வேறு யாருக்கும் எதிராகப் பயன்படுத்த மறுக்க வேண்டும், நீதிமன்றத்துக்கும் சொல்ல வேண்டும், செய்தவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் எப்படியும் நம் சாட்சியச் சட்டத்தில் செல்லாது. அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் உங்கள் வழக்குக்கும் லாபமில்லை.

புகார் போலீசார் மேல் என்றால், அந்த ஸ்டேஷன் வழக்குகளைத் தினமும் நடத்துகிற நீங்களே அதையும் நடத்துவது சரியில்லை. இயக்ககத்துக்கு எழுதி வேறொருவரைப் போடச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் தரப்பில் சிறப்பு அரசு வழக்கறிஞர் கேட்டால் எதிர்க்காதீர்கள். பிரிவு 18ன் கீழ் அவர்கள் தங்களுக்கென்று வழக்கறிஞரை வைத்து உங்களுக்கு உதவவும் முடியும்.

குற்றப்பத்திரிகை வந்ததும் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பி.என்.எஸ். 115(2), அதாவது சாதாரணக் காயம், ஓராண்டு தண்டனை. தெருச் சண்டைக்குப் போடுகிற பிரிவு அது. நான் முன்னால் சொன்ன 120 இருக்காது, சட்டவிரோத அடைப்புக்கான 127ம் இருக்காது. விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டி பி.என்.எஸ்.எஸ். 193(9)ன் கீழ் மேல்விசாரணை கேளுங்கள். அந்த ஒரு மனு வழக்கின் கனத்தையே மாற்றிவிடும்.

சாட்சி எங்கே என்று திகைக்க வேண்டாம். லாக்-அப்பில் நடந்ததற்கு உள்ளே இருந்தவர்கள் மட்டும்தான் சாட்சி, அவர்கள் ஒருவருக்கொருவர் சகோதர பாசத்தில் கட்டுண்டவர்கள் என்று 1995ல் ஷ்யாம்சுந்தர் திரிவேதி வழக்கில் உச்ச நீதிமன்றமே வருந்திச் சொன்னது. காவலில் காயம் ஏற்பட்டால் போலீசார்தான் ஏற்படுத்தினார்கள் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என ஒரு திருத்தத்தை 1985லேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. அதனால் காகிதங்களைத் தேடுங்கள். ஜெனரல் டைரி, பாரா டூட்டிப் (காவல் நிலையக் காவற்பணி) பட்டியல், வண்டி லாக் புத்தகம், வயர்லெஸ் பதிவு, அதிகாரிகளின் செல்போன் டவர் விவரம். மனசாட்சியுள்ள காவலர் ஒருவர் இருந்தால் தாமதிக்காமல் மாஜிஸ்திரேட் முன் 183 வாக்குமூலம் வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.

பாதிக்கப்பட்டவரிடம் பேசும்போது போலீஸ் சீருடை அறையில் இருக்கக் கூடாது. பெண் என்றால் பெண் வழக்கறிஞர் பேசட்டும். திரும்பத் திரும்ப அதே கதையைச் சொல்ல வைக்காதீர்கள். தேதி முன்பின்னாகச் சொன்னால் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். தூங்க விடாமல் அடிபட்டவருக்கு நாள் கணக்கு குழம்பத்தான் செய்யும்.

அப்புறம், போலீசார் மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டுமா என்ற கேள்வி. அடிப்பது ஒருபோதும் கடமையாகாது, ஆகவே அனுமதி தேவையில்லை என்பது நம் வாதம். ஆனால் 2020ல் கர்நாடகப் போலீஸ் அதிகாரி ஒருவர் வழக்கில், கடமையோடு நியாயமான தொடர்பு இருந்தால் வரம்பு மீறிய செயலுக்கும் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு இதைத் தூக்கிக்கொண்டு வரும். அதனால் வாதத்தைக் கைவிடாமலே, அனுமதிக்கான விண்ணப்பத்தையும் ஆரம்பத்திலேயே அனுப்பிவிடுங்கள். பி.என்.எஸ்.எஸ். 218வது பிரிவுப்படி 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும்.

புகார் எங்கெங்கே போக வேண்டும்

முதலில் ஸ்டேஷன், பிறகு பி.என்.எஸ்.எஸ். 173(4)ன்படி ஆணையர், அதற்கும் அசைவில்லை என்றால் 175(3)ன் கீழ் மாஜிஸ்திரேட். இப்போது பிரமாணப் பத்திரம் கட்டாயம். அரசு ஊழியர் மேல் புகார் என்பதால் அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் கோர்ட் கேட்கும். அதில் நாட்கள் ஓடும் என்று குடும்பத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள். விசாரணை அதே ஸ்டேஷனிடமோ பக்கத்து ஸ்டேஷனிடமோ போகாமல் சி.பி.சி.ஐ.டி.க்குப் போக வேண்டும் என்று முதல் மனுவிலேயே கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். அதில் விசாரணை அதிகாரியின் தகுதி உயர்ந்தது, பாதிக்கப்பட்டவருக்கான உரிமைகளும் இழப்பீடும் தனியாக இருக்கின்றன.

கேமராவுக்கு 2020 டிசம்பர் 2ல் வந்த பரம்வீர் சிங் சைனி தீர்ப்பு உங்கள் ஆயுதம். நுழைவாயில், லாக்-அப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை என்று ஸ்டேஷனின் எந்தப் பகுதியும் விடுபடக் கூடாது. ஒலியும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வரை, குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். "கேமரா பழுது" என்று பதில் வந்தால், பழுது என்று யார், எந்தத் தேதியில் மேலிடத்துக்கு எழுதினார்கள் என்ற கடிதத்தைக் கேளுங்கள்.

மாநில மனித உரிமை ஆணையம் கிரீன்வேஸ் சாலை என்று நாம் சொல்லும் பி.எஸ். குமாரசாமி ராஜா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். இங்கே கொடுத்ததையே தேசிய ஆணையத்துக்கும் அனுப்பினால் ஒன்று அடிபட்டுப் போகும், ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது, அதனால் முன்னைவிட எடை கூடியிருக்கிறது. ஆனால் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது என்று குற்ற வழக்கை ஆறப்போடாதீர்கள். ஆணையம் யாரையும் சிறைக்கு அனுப்பாது. இழப்பீட்டுக்கு ஹைகோர்ட்டில் ரிட் மனுவும் போடலாம். 1993ல் நீலபதி பெஹரா வழக்கிலிருந்து அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

காவலில் உயிரே போய்விட்டால் பிரிவு 196ன்படி மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். குடும்பம் உடலைப் பார்க்கும் முன் பிரேதப் பரிசோதனை நடக்காமல் தடுப்பதும், அதை வீடியோ எடுக்கச் சொல்வதும் உங்கள் முதல் வேலை. "உடலை வாங்கிட்டுப் போங்க" என்று நடுராத்திரியில் நெருக்குவார்கள். குடும்பத்தோடு கூடவே இருங்கள்.

ராணுவமும் துணை ராணுவமும்

சென்னையில் கோட்டையிலும் பரங்கிமலையிலும் ராணுவம் இருக்கிறது, தாம்பரத்தில் விமானப்படை, ஆவடியில் சி.ஆர்.பி.எஃப்., விமான நிலையத்தில் சி.ஐ.எஸ்.எஃப். இவர்கள் மேல் புகார் என்றால் பாதை மாறும். மத்திய ஆயுதப் படைகளும் மனித உரிமைச் சட்டத்தில் "ஆயுதப்படை" என்ற சொல்லுக்குள் வருகின்றன. தேசிய ஆணையம்கூட நேரடியாக விசாரிக்க முடியாது. அந்தச் சட்டத்தின் பிரிவு 19ன்படி மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்ய மட்டும் முடியும்.

அதனால் பொதுமக்களில் ஒருவர் அடிபட்டால் உள்ளூர் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதிவது மிக முக்கியம். கொலை, மரணம் விளைவித்தல், பாலியல் வன்கொடுமை ஆகியவை பொதுமக்களில் ஒருவருக்கு எதிராக நடந்தால், களப்பணி போன்ற சில சூழல்கள் தவிர, ராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 1950 ராணுவச் சட்டத்தின் 70வது பிரிவு சொல்கிறது. மற்ற குற்றங்களில் எந்த நீதிமன்றம் என்று தேர்வு செய்யும் உரிமை முதலில் ராணுவ அதிகாரிக்கு இருக்கிறது. ஜம்மு-காஷ்மீரின் பத்ரிபல் வழக்கில் 2012ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வை ராணுவத்திடமே விட்டது. ராணுவம் தன்னிடம் எடுத்துக்கொண்டு 2014ல் போதிய சாட்சியம் இல்லை என்று மூடிவிட்டது. பத்து வருடத்துக்கும் மேல் காத்திருந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

ஆகவே அரசு வழக்கறிஞர், ஆளை ராணுவத்திடம் ஒப்படைத்ததும் கோப்பை மூடக் கூடாது. 1978ல் வந்த விதிகளின்படி, விசாரணை நடந்ததா, என்ன முடிவு என்று ராணுவ அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். நடவடிக்கை இல்லை என்றால் மாஜிஸ்திரேட் மாநில அரசுக்கு எழுதலாம். இந்த விதியை யாராவது நினைவூட்டினால்தான் வேலை செய்யும். ஒவ்வொரு வாய்தாவிலும் நிலவர அறிக்கை கேளுங்கள். 2016ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுதப்படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம் இருக்கும் இடத்தில்கூட முழு விலக்கு யாருக்கும் இல்லை என்றது. அந்தச் சட்டமே இல்லாத சென்னையில் தயங்கக் காரணமில்லை.

படைக்குள்ளேயே மேலதிகாரியிடம் அடிபட்ட ஜவானுக்கு ராணுவச் சட்டம் 47வது பிரிவு இருக்கிறது, தனக்குக் கீழ் உள்ளவரைத் துன்புறுத்துவது 7 ஆண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றம். அவர்கள் பெரும்பாலும் விடுப்பில் ஊருக்கு வரும்போதுதான் வாய் திறப்பார்கள். அப்போதே அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். பதிந்து வையுங்கள்.

புகார் கொடுத்த பிறகு

உண்மையான சோதனை இங்கேதான். கஞ்சா வழக்கு வரும் என்பார்கள், குண்டர் சட்டம் என்பார்கள், தம்பியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இல்லையென்றால் அரசியல் கட்சிக்காரர் ஒருவர் பணத்தோடு வீட்டுக்கு வருவார். அன்றாடம் கூலிக்குப் போகும் குடும்பம் அந்தப் பணத்தை வாங்கினால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாம் அவர்களைத் தனியாக விட்டுவிட்டோம் என்றுதான் அர்த்தம். இலவச சட்ட உதவிக்கு 15100ல் அழைக்கலாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. 2018ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் அரசு வழக்கறிஞர் மூலம் விண்ணப்பியுங்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

குடும்பத்திடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். யார் வந்தார், எந்த நம்பரிலிருந்து பேசினார், என்ன சொன்னார், எத்தனை மணிக்கு என்று அன்றன்றே எழுதட்டும். எழுதப் படிக்கத் தெரியாத வீடு என்றால் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். மிரட்டல் வந்த பக்கத்தை அந்த வாரமே நகல் எடுத்து, ஒன்றைக் கோர்ட்டில் மனுவோடு சேர்த்து, இன்னொன்றை அரசு வழக்கறிஞரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.